சீமாட்டிக்கு வேண்டிய தண்ணீர்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன்னால் முதல் பக்கத்தையாவது படித்துவிடு. இரண்டு வருடமாக நான் போன் செய்தால் மாமாதான் எடுத்து, "அவ பட்டறையில இருக்காப்பா" என்கிறார். பின்னாலேயே, "அவனா? நான் இல்லைன்னு சொல்லுங்க" என்று உன் குரல் கணீரென்று கேட்கிறது. உனக்கு ரகசியம் பேச வராது. படகுப் பட்டறை நடத்துகிறவளுக்கு அந்தத் தொண்டை அமைந்ததில் ஆச்சரியமும் இல்லை. ஆகவே கடிதம். பேனா பிடித்து வருடக்கணக்காகிறது. என் கையெழுத்தை நானே படித்துப் பார்த்தேன், டாக்டர் சீட்டு மாதிரி இருக்கிறது.

என் வேலையைப் பற்றி நீ ஊரில் என்ன சொல்கிறாய் என்று எனக்குச் செய்தி வருகிறது. "ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, ஏரியில தண்ணி இருக்கான்னு வானத்தக் கேக்குறான்." அது கிட்டத்தட்ட சரிதான். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் போகிற சாட்டிலைட் ஏரியின்மேல் ஒரு ரேடார் துடிப்பை இறக்கும். அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் தண்ணீர் மட்டம் தெரிந்துவிடும். பத்து நாளுக்கு ஒரு தடவை உங்கள் பக்கம் போகும். நேற்றுப் போனது.

உங்கள் ஏரி கிடந்தபடி கிடக்கிறது. ஆனால் மலைப்பக்கம் இருக்கிறதே மேல் ஏரி, அது இருபது நாளில் ஒன்றேகால் மீட்டர் ஏறியிருக்கிறது! நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நாற்காலி எழவில்லை, அதற்குச் சக்கரம் உண்டு, உருண்டு போய் எங்கள் அதிகாரியின் முழங்காலில் இடித்தது. காலை முதல் மாலை வரை வெந்நீரே குடிப்பதால் அவருக்கு 'வெந்நீர்' என்று பெயர். பெயர் வைத்தது யாரென்று விசாரணை நடக்கிறது, நானும் தீவிரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மேல் ஏரித் தண்ணீர் நேராக இறங்கி வராது. நடுவில் நாணல் சதுப்பு. விசேஷ வீட்டில் விடைபெறுகிற சித்தப்பா மாதிரி வாசலுக்கு வாசல் நின்று பேசித்தான் கிளம்பும். உங்களிடம் வந்துசேர நாற்பது, ஐம்பது நாள். செப்டம்பர் மூன்றாம் வாரம் உச்சம்.

அக்கா, கரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறாளே சீமாட்டி, அந்தப் பயணிகள் படகு மிதக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? எங்கள் ஆபீசுக்காக நீ தினமும் படித்து அனுப்புகிறாயே, ஏரிக்குள் நிற்கிற அளவுகோல், அதில் எந்த எண்? அதை மட்டும் எழுது. திட்டுவதை அடுத்த தாளில் வைத்துக்கொள்.

உன் கையால் ஒரு வரி வந்தாலும் போதும் என்றிருக்கும்
தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கலாம் என்றுதான் இருந்தேன். இரண்டாம் பக்கத்தை அதே தாளின் முதுகில் எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தத் திருட்டுப் புத்தி உண்டு.

நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாயா? இரண்டு வருடம் முன்பு, மார்ச் மாதம், இதே மாதிரி குதித்துக்கொண்டு போன் செய்தாய். "அக்கா, ஏரி ஒரே வாரத்துல கிடுகிடுன்னு ஏறியிருக்கு. வெள்ளம் வருது. சீமாட்டிய மேட்டுக்கு இழுத்துரு." நான், "பாத்தா அப்படித் தெரியலையேடா" என்றேன். "கண்ண நம்பாதக்கா, எண்ண நம்பு. நீ அனுப்புன எண்ணுதானே" என்றாய்.

நம்பினேன். நாற்பது பேரை வைத்து இழுத்தேன். மேட்டுக்கு ஏறியதும் இழுவை எந்திரத்தின் பல்சக்கரம் பல் பல்லாக உதிர்ந்தது, அவளைத் திரும்ப இறக்க வழியில்லை. வெள்ளம் வரவில்லை. அதற்குப் பிறகு ஏரி மாதாமாதம் இறங்கியது. இப்போது சீமாட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். டீக்கடையில் எனக்குப் பெயர் 'மலைக்கப்பல்'. "மலைக்கப்பலக்கா, எப்ப புறப்படுது, சீட்டு இருக்கா?" என்று கேட்காமல் யாரும் எனக்கு டீ கொடுப்பதில்லை.

அதைக்கூட மன்னிப்பேன். நான்கு மாதம் கழித்து உன் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'மேற்படி அளவுகோல் நிலையத்தின் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல.' கீழே உன் கையெழுத்து. பதினாறு வருடம், மழையோ காய்ச்சலோ, தினமும் காலை ஏழு மணிக்குப் பழைய துறைமுனை வரை நடந்து போய்க் கோலைப் பார்த்து எழுதுகிறேன். ஒருநாள்கூட வீட்டிலிருந்து எழுதியதில்லை. நான் பொய் எழுதுகிறவளா?

சீமாட்டியின் முதலாளி பொறுமை இழந்துவிட்டார். அவளை வெட்டி இரும்பாக விற்கப்போகிறார். வெட்டுகிற ஆள் செப்டம்பர் பத்தாம் தேதி வருகிறார்.

கேட்டதற்குப் பதில் சொல்வது மரியாதை, அதனால் சொல்கிறேன். நானும் உன் மாமாவும் மட்டம் பிடித்துப் பார்த்தோம். கோலில் 4.60 மீட்டர் காட்டினால் மிதப்பாள். இன்று காலை 3.95. இங்கே வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை.

அக்கா

இந்தக் கடிதத்தை வைத்து, கோபம் தீர்ந்துவிட்டது என்று கணக்குப் போடாதே. உன் கணக்கு எனக்குத் தெரியும்.


ஆகஸ்ட் 15

அக்கா,

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று முன்தினம் சாட்டிலைட் போனது. இரவல் வாங்கிய கணிப்பொறிகளையும் சேர்த்து மொத்தமாக ஓடவிட்டுப் பார்த்தேன். உங்கள் ஏரி 4.35 வரை வரும். அதற்குமேல் இல்லை. உனக்கு வேண்டியது 4.60. கால் மீட்டர் துண்டு விழுகிறது.

சாப்பாடு இறங்கவில்லை. அதாவது இரண்டாவது தட்டு இறங்கவில்லை.

துக்கத்தில் உன் கடிதத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. ஒன்பதாம் தேதி காலை உன் கோலில் 3.95 என்று எழுதியிருந்தாய். எங்கள் சாட்டிலைட் கணக்கில் அந்த வாரம் 3.64. எங்கள் கணக்கு உன் பழைய பதிவுகளோடு ஒட்டவைத்து ஆரம்பித்ததுதானே, இரண்டும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? உன் பதினாறு வருடப் பதிவையும் சாட்டிலைட் பதிவையும் ஒரே தாளில் கோடாக இழுத்துப் பார்த்தேன்.

அக்கா, பதினான்கு வருடம் அந்த இரண்டு கோடும் புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டு போகின்றன. இரண்டு வருடம் முன்பு, மார்ச் இரண்டாம் வாரம், உன் கோடு மட்டும் ஒரே தாவாக 31 சென்டிமீட்டர் மேலே போகிறது. அதுதான் நான் வெள்ளம் என்று கத்தினேனே, அந்த வாரம். அதற்குப் பிறகு இன்று வரை, ஏரி ஏறினாலும் இறங்கினாலும், அதே 31 இடைவெளி விட்டுப் பக்கத்திலேயே வருகிறது. வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டி எழுதுகிற எவளாலும் இப்படி எழுத முடியாது. நீ ஒருநாள்கூடப் பொய் எழுதவில்லை. இதோ தாளில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் சாட்டிலைட் 'ஏரி அப்படியேதான் இருக்கிறது' என்றது. நான்தான் அதை ஓரமாக வைத்துவிட்டு உன் எண்ணை எடுத்துக்கொண்டேன். சாட்டிலைட் தப்புச் செய்யும், அக்கா செய்யமாட்டாள் என்று. வெள்ளம் வராமல் என் மூக்கு உடைந்ததும் வெந்நீர் ஒரு கடிதத்தை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துத்தான் போட்டேன். கழுதை என்று திட்டு. வேறு ஏதாவது பெரிய மிருகம் தெரிந்தால் அதைச் சொல்லியும் திட்டு.

அந்த வாரம் கோலுக்கு என்ன ஆனது? படகு இடித்ததா? யாராவது தொட்டார்களா? நினைவுபடுத்திப் பார்.

தம்பி


ஆகஸ்ட் 20

டேய்!

உட்கார்ந்துகொண்டு படி. சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்கார்.

உன் கடிதம் வந்தபோது உன் மாமா கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால, மார்ச் மாசம், அளவுகோல் கிட்ட போனீங்களா?"

"எந்தக் கோலு?"

"ஏரிக்குள்ள எத்தன கோலு நிக்குது?"

"போயிருப்பேன். நீதானே சொன்ன, கோலு ஆடுது, படிக்க முடியலன்னு."

"அதுக்கு?"

"அடிக்கட்டை இத்துப் போயிருந்துச்சு. இத்தத அறுத்துப் போட்டுட்டு, கூராக்கி, அதே குழியில அடிச்சு நட்டேன். அன்னைக்கு நட்டது, இன்னைக்கு வரைக்கும் ஆடுதா? நீயே சொல்லு, ஆடுதா?"

"எவ்வளவு அறுத்தீங்க?"

"இத்தது எவ்வளவோ அவ்வளவு. ஏன், நம்பரெல்லாம் மேலதானே இருக்கு? ஒரு நம்பர் மேலயாவது ரம்பத்த வெச்சேனா நான்?"

பெருமையாகக் கேட்கிறார்டா. முப்பது வருடத் தச்சர். ஒரு எண்ணைக்கூடத் தொடாமல் காலை மட்டும் அறுத்திருக்கிறார். கோல் முழுசாகக் கீழே இறங்கிவிட்டது, தண்ணீர் ஏறியதாகக் காட்டிவிட்டது. அறுத்த கட்டையைக்கூட அவர் தூக்கிப் போடவில்லை. பட்டறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுக்க வைத்திருக்கிறார். இரண்டு வருடமாக அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன். ஓடிப்போய் எடுத்து அளந்தேன். முப்பத்தொன்று.

கோல் ஆடாமல் நின்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று அவருக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன். மறுநாள் காலை எண் கூடியிருந்தது எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் கோல் காட்டுவதை எழுதுவதுதான் என் வேலை. எனக்குத் தோன்றுவதை எழுதுவது இல்லை.

இப்போது கேள். நீ பெரிய படிப்புப் படித்தவன், உனக்கு ஒரு கழித்தல் கணக்கு வரவில்லை. சீமாட்டிக்கு வேண்டியது 4.60 என்று சொன்னேனே, எந்தக் கோலில்? கால் போன கோலில்! 31 கூட்டிக் காட்டுகிற கோலில்! நிஜமாக அவளுக்கு வேண்டியது 4.29. நீ வரும் என்று சொல்வது 4.35.

ஆறு சென்டிமீட்டர் மிச்சம்டா தம்பி!

நான் பட்டறைக்குள்ளேயே கத்தியதில் வெல்டர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டான். நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன். வெட்டுகிறவரை நிறுத்துங்கள், செப்டம்பர் இருபத்தைந்து வரை பொறுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "போன தடவையும் உங்க தம்பிதானே சொன்னாரு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "மிதக்கலைன்னா இருபத்தாறாம் தேதி காலைல பட்டறைச் சாவி உங்க கையில இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பட்டறை அவர் இடத்தில்தானே இருக்கிறது. எப்போது காலி செய்வேன் என்று காத்திருக்கிறவர், உடனே சரி என்றார்.

ஆறு சென்டிமீட்டர் நிச்சயம்தானே? கூடக்குறைய ஆகும் என்று நீ ஒன்றும் எழுதவில்லையே.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்கா! அக்கா!

சாவியைக் கொடுப்பேன் என்று சொல்வதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? போனை எடுத்திருந்தால் கேட்டிருப்பாய். உன் கடிதத்தைப் படித்து முதலில் ஆபீசில் நடனமாடினேன், கடைசிப் பத்தியில் தொப்பென்று உட்கார்ந்தேன். சக்கரம் இல்லாத நாற்காலிதான். நீ சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் 4.35 என்று சொன்னால், அதில் பன்னிரண்டு சென்டிமீட்டர் அப்படியோ இப்படியோ போகலாம் என்று அர்த்தம். இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால் நீ நம்பமாட்டாய் என்று பயம். உன் ஆறு சென்டிமீட்டர் என் பன்னிரண்டுக்குள் காணாமல் போய்விடும்.

ஆனால் செய்தி நல்லதாகத்தான் இருக்கிறது. முந்தாநாள் மேல் ஏரி இறங்க ஆரம்பித்துவிட்டது. அந்தத் தண்ணீர் எங்கே போனது? சதுப்புக்குள்! இன்னும் ஓரிரு நாளில் உன் கோலில் தெரியும். ஒவ்வொரு தடவை சாட்டிலைட் போகும்போதும் என் பன்னிரண்டு குறையும். தேதி நெருங்க நெருங்கக் கணிப்பு கெட்டியாகும்.

நீ செய்ய வேண்டியது: சீமாட்டியை இளைக்க வை. எது கழற்ற முடியுமோ எல்லாவற்றையும் கழற்று. ஒவ்வொரு டன்னும் கொஞ்சம் கொஞ்சமாக அவளைத் தூக்கிக் கொடுக்கும். தினமும் ஏழு மணி அளவை எழுது. அப்புறம், மாமாவை அந்தக் கோல் பக்கம் விடாதே. சரிசெய்கிறேன் என்று கிளம்பிவிடப் போகிறார்!

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வெந்நீர் கையெழுத்து. 'மேற்படி நிலையத்தின் பதிவுகள் ஒருநாளும் பிழையின்றி, தொடர்ச்சியாக, நேர்மையுடன் எழுதப்பட்டவை. தவறு எங்களுடையது.' கடைசி வாக்கியத்துக்கு மட்டும் அவருடன் ஒன்றரை மணி நேரம் போராடினேன். "துறை எப்படிய்யா தப்புப் பண்ணும்?" என்றார். கோடு இழுத்த தாளைக் காட்டினேன். மாமா ரம்பம் எடுத்ததை ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து கண்டுபிடித்தோம் என்றேன். அந்தத் தாளை வாங்கித் தன் சுவரில் ஒட்டிக்கொண்டார். 'ரம்ப வாரம்' என்று சிவப்பு மையில் எழுதியும் வைத்திருக்கிறார். மாமாவிடம் சொல், இங்கே அவருக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள்.

நகம் தீர்ந்துபோய் விரலைக் கடித்துக்கொண்டிருக்கும்
தம்பி


செப்டம்பர் 12

தம்பி,

பன்னிரண்டு சென்டிமீட்டரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நேரில் வா, சொல்கிறேன்.

வந்துவிட்டதுடா. இருபத்தேழாம் தேதி கோல் அரை விரல் கூடியிருந்தது. கண் மங்கிவிட்டதோ என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மறுநாள் இரண்டு சென்டிமீட்டர். இப்போது தினம் மூன்று. மழை ஒரு சொட்டு இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஏரி பாட்டுக்கு ஏறுகிறது! இன்று காலை 4.38. நம் கணக்கில் 4.07. பிள்ளைகளின் பந்து மைதானம் போய்விட்டது, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதையே விளையாடுகிறார்கள்.

டீக்கடை இப்போது இரண்டு கட்சி. மிதக்கும் கட்சி, மிதக்காத கட்சி. டீக்கடைக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். காலையில் நான் துறைமுனைக்குப் போனால் பின்னால் பத்துப் பேர் வருகிறார்கள். நான் எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டுமாம். படிக்கிறேன். என் தொண்டைக்கு மைக் தேவைப்படவில்லை.

சீமாட்டியின் எந்திரத்தைக் கழற்றிப் பட்டறைக்குள் வைத்துவிட்டோம். நங்கூரம், சங்கிலி, அறுபது இருக்கை, சமையலறை, எல்லாம் வெளியே. உன் மாமா இரண்டு வாரமாக அவளுக்கு அடியில் படுத்து ஓட்டைகளை அடைக்கிறார். என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே சாப்பிடுகிறார். "எம்மேல கோவமா?" என்று தட்டை நீட்டும்போது கேட்டார். "மிதக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றேன்.

முதலாளி நேற்று வந்து பட்டறைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இடித்துவிட்டுக் கடை கட்டுவாராம். தட்டியதில் சுண்ணாம்பு உதிர்ந்தது. நான் அதைக் கூட்டி அள்ளினேன்.

எவ்வளவு மிச்சம் வரும், ஒளிக்காமல் எழுது.

அக்கா


செப்டம்பர் 15

அக்கா,

நீ 12ஆம் தேதி காலை 4.38 என்று எழுதியிருக்கிறாய். அதே 12ஆம் தேதி சாட்டிலைட் போனது. எனக்கு வந்த எண் 4.07. கழித்துப் பார்த்தேன், இந்தத் தடவை நானே கழித்தேன்: முப்பத்தொன்று! உன் கடிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். வெந்நீர் தம்ளரோடு எதிரே வந்தார். சட்டையை மாற்ற வேண்டியதாயிற்று, அவருக்கும் எனக்கும்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். ஏற்றம் இன்னும் சில நாளில் தளரும். உச்சம் 22, 23 தேதிகளில். உன் கோலில் 4.66. இப்போது என் பன்னிரண்டு நான்காகக் குறைந்திருக்கிறது. ஆக மோசமானால் 4.62. உனக்கு வேண்டியதைவிட இரண்டு அதிகம். அக்கா, முப்பது வருட வேலையில் எந்த எண்ணையும் நான் இரண்டு தடவைக்கு மேல் கூட்டிப் பார்த்ததில்லை. இந்த 4.66ஐப் பதினொரு தடவை கூட்டிப் பார்த்தேன்.

நேரில் வரச் சொன்னாய். பை எடுத்து வைத்தேன், மறுபடி பிரித்தேன். அவள் மிதக்காமல் போனால், நீ சாவியைக் கொடுக்கிறதை நான் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி ஆகிவிடும். கோழை என்று வைத்துக்கொள்.

தம்பி


செப்டம்பர் 23

தம்பி,

இதை மாமாவின் தச்சுப் பென்சிலால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், தரை ஆடுகிறது. ஏன் ஆடுகிறது என்று பொறுமையாகப் படித்துத் தெரிந்துகொள்.

இருபத்தொன்றாம் தேதி 4.60. ஊரே கரையில். சீமாட்டி அசையவில்லை. நேற்று 4.63. அசையவில்லை. இன்று காலை 4.64, ஒன்பது மணிக்கும் அதே 4.64. ஏரி நின்றுவிட்டது. மிதக்காத கட்சி டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியது. முதலாளி, "இன்னும் ரெண்டு நாள் எதுக்கும்மா?" என்று கையை நீட்டினார். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேவிட்டேன்.

உன் மாமா தண்ணீரில் முங்கிச் சீமாட்டியின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சேறும் சகதியுமாக வந்தார். "தண்ணி போதும். அவளச் சேறு புடிச்சு வெச்சிருக்கு. ரெண்டு வருஷமா உக்காந்தவ இல்ல? ஒட்டிக்கிட்டா. ஆட்டி விடணும்" என்றார்.

அவ்வளவு பெரிய உடம்பை எப்படி ஆட்டுவது? நான் டீக்கடையைப் பார்த்தேன். எல்லாரும் சும்மாதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மலைக்கப்பலுக்குச் சீட்டு கேட்டீங்களே, ஏறுங்கடா எல்லாரும்!" என்று ஒரு சத்தம் போட்டேன். இரண்டு கட்சியும் ஏறியது. வேடிக்கை பார்க்க முதலாளியும் ஏறினார், மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியுமாம். நாற்பத்திரண்டு பேர். நான் நடுவில் நின்று கத்தினேன்: "இந்தப் பக்கம் ஓடு! அந்தப் பக்கம் ஓடு!" தளம் அதிர அதிர ஓடினார்கள். டீக்கடைக்காரர் கெட்டிலோடு ஓடினார். ஆறு தடவை ஒன்றுமில்லை. ஏழாவது தடவை கீழே ஏதோ நீளமாக முனகியது. எட்டாவது தடவை, தம்பி, வாயிலிருந்து மிட்டாயை உருவுகிற மாதிரி ஒரு சத்தம்! சீமாட்டி ஒருபக்கம் சாய்ந்தாள், நிமிர்ந்தாள், அப்புறம் என் காலுக்கடியில் தரை லேசாகிவிட்டது. எனக்குத் தெரியும்டா அந்த லேசு. முப்பது வருடம் படகு இறக்குகிறேன், ஒவ்வொரு தடவையும் அது வயிற்றில்தான் முதலில் தெரியும். நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உன் மாமா கரையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்தார். குதித்ததில் கயிறு கையைவிட்டுப் போய்விட்டது.

எந்திரம் பட்டறைக்குள் இருக்கிறது. நங்கூரமும் அங்கேதான். தெற்குக் காற்று எங்களை மெதுவாக நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. மோட்டார் படகுகள் இரண்டு பின்னால் வருகின்றன, உன் மாமா ஒன்றில் நின்றுகொண்டு கயிறு வீசுகிறார். இதுவரை நான்கு தடவை வீசிவிட்டார், ஒன்றும் வந்துசேரவில்லை. முதலாளிக்குக் குமட்டல். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எப்பம்மா கரை சேருவோம்?" என்று கேட்கிறார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "தம்பிகிட்ட கேட்டு எழுதியிருக்கேன்" என்றேன்.

4.66 என்றாய், வந்தது 4.64. இரண்டு தப்பு. அதற்குத் தனியாகத் திட்டு உண்டு.

காற்றைக் கணக்குப் போட்டு, நாங்கள் எந்தக் கரையில் ஒதுங்குவோம் என்று எழுது. அங்கே வந்து நில். அவசரமில்லை, கெட்டிலில் இன்னும் டீ இருக்கிறது.

அக்கா